மூன்று பேரும் ஒரு கார்ட்டூன் பாட்டும்

1985 செப்டெம்பரில் மூன்று அமெரிக்கர்கள் ஒஸ்லோவுக்கு வந்து, ரெயின்போ என்ற ஸ்ரூடியோவில் ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். கிற்றார் ஜோன் அபர்குறொம்பி, பேஸ் மார்க் ஜோன்சன், ட்றம்ஸ் பீற்றர் ஏர்ஸ்கின். தட்டின் பெயர் 'கறன்ற் இவென்ற்ஸ்'. ஜேர்மனியின் மூனிச் நகரத்தில் இருக்கிற ஈ.சி.எம் கம்பனி அதை அடுத்த வருடம் வெளியிட்டது. ஜாஸ் கேட்காத ஆட்கள் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. இந்தப் பதிவே ஜாஸ் தெரியாதவர்களுக்குத்தான். அதிலும் குறிப்பாக, சனிக்கிழமை காலமை பனிக்குள்ளாலை காரை உருட்டிக்கொண்டு போய் பிள்ளைகளைப் பாட்டு வகுப்பிலும் வயலின் வகுப்பிலும் இறக்கிவிட்டு, வெளியிலை நின்று கோப்பி குடிக்கிற ஒஸ்லோத் தமிழ் அம்மா அப்பாக்களுக்கு.

அந்தத் தட்டில் ஏழு உருப்படிகள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஆட்களின் சொந்த ஆக்கம். மிச்சமிருக்கிற அந்த ஒன்று 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்'. 1951இல் வந்த வோல்ற் டிஸ்னியின் கார்ட்டூன் படத்துப் பாட்டு அது, மெட்டுப் போட்டவர் சமி பெயின். சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டு. பில்லி கொப்ஹாம் போன்ற ஆட்களோடு எழுபதுகளில் சத்தமான ஜாஸ் றொக் வாசித்து, கிற்றாரைக் கொண்டுபோய் சிந்தசைசரில் கொழுவி ஊதுகுழல் மாதிரியெல்லாம் சத்தம் வரப் பண்ணின மனிசன், ஒஸ்லோவுக்கு வந்து எதற்குக் கார்ட்டூன் பாட்டு வாசிக்கவேணும்?

ஜாஸ் ஆட்கள் இப்படியான பாட்டுகளை 'ஸ்ராண்டர்ட்' என்கிறார்கள். பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டு, நாடகப் பாட்டு. எல்லாருக்கும் தெரிந்தது. முன்பின் பழக்கமில்லாத மூன்று பேர் ஒரு மேடையில் சந்தித்தாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், ஒத்திகை இல்லாமல் தொடங்கலாம். முதலில் மெட்டை ஒருக்கா வாசிப்பார்கள். பிறகு மெட்டைக் காணவில்லை! ஆனால் பாட்டு நிற்பதில்லை. அந்தப் பாட்டின் அளவும் அதன் கோட்ஸ் வரிசையும் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுக்கு மேலே ஒவ்வொருவராக அந்த நேரம் மனதில் வருவதை வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்பி வந்து இறங்குவார்கள். 'ஆலிஸ்' மூன்று எண்ணிக்கைப் பாட்டு, எங்கடை கணக்கில் திஸ்ரம். தொடையில் தட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கிற்றார் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்போதும் உங்கள் கை சரியான இடத்தில் விழும்.

சங்கீதம் படித்த ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நிரவலும் கற்பனாசுரமும் வேறென்ன?

இந்தப் பாட்டு எந்த வழியால் ஒஸ்லோவுக்கு வந்தது என்பதையும் பாருங்கள். அதை ஜாஸ் ஆட்களின் பாட்டாக்கினவர் என்று பில் எவன்ஸ் என்ற பியானோக்காரரைச் சொல்லலாம். 1961 யூன் 25, நியூயோர்க்கில் வில்லேஜ் வன்கார்ட் என்ற நிலக்கீழ் விடுதியில் அவரும் இரண்டு பேரும் வாசித்தது இன்றைக்கும் தட்டாகக் கிடைக்கிறது. பேஸ் வாசித்தவர் ஸ்கொற் லபாரோ, 25 வயது. அதுவரைக்கும் பேஸ் என்றால் பின்னுக்கு நின்று காலடி எடுத்து வைப்பதுபோல டும் டும் என்று வைத்துக்கொண்டு போவதுதான் வேலை. லபாரோ பியானோவோடு வாய் கொடுத்துக் கதைத்தார். பதினொரு நாளில் கார் விபத்தில் செத்துப்போனார். எவன்ஸ் பிறகும் பலரோடு வாசித்து, 1978இல் ஒரு இளம் பொடியனைச் சேர்த்துக்கொண்டார். 1980இல் எவன்ஸ் சாகும்வரைக்கும் கூட நின்ற அந்தக் கடைசி பேஸ்காரன்தான் மார்க் ஜோன்சன். ஐந்து வருடம் கழித்து ரெயின்போ ஸ்ரூடியோவில் நின்றதும் அதே மார்க் ஜோன்சன்தான்.

எங்கடை ஆட்கள் இதைக் குருசீட பரம்பரை என்பார்கள். அங்கே அப்படிப் பெயர் ஒன்றும் இல்லை, தட்சணையும் இல்லை. ஆனால் மார்க் ஜோன்சன் லபாரோ வாசித்ததைப் பாடமாக்கித் திருப்பி ஒப்புவிக்கவில்லை. அதுதான் எனக்கு முக்கியம். லபாரோ பேசின மாதிரித் தானும் பேசவேணும் என்பதை எடுத்துக்கொண்டார், லபாரோ பேசின வசனத்தை எடுக்கவில்லை. ஒஸ்லோத் தட்டில் பியானோவே இல்லை. மெட்டையும் கோட்ஸையும் கிற்றார் ஒன்றே சுமக்கவேணும். அபர்குறொம்பி எல்லாவற்றையும் நிரப்பாமல் இடைவெளி விடுகிற ஆள். அந்த இடைவெளிக்குள் பேஸ் வருகிறது. ஏர்ஸ்கின் வெதர் றிப்போர்ட் என்ற பெரிய குழுவில் மைதானங்கள் அதிர அடித்தவர், இங்கே அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தத்தில் வைத்திருக்கிறார்.

நான் இந்தத் தட்டைக் கேட்டது வேலை செய்கிற இடத்தில். இரவு பதினொன்றரைக்குக் கடைசிச் சாப்பாட்டுக்காரரும் எழும்பிப் போனபிறகு, அடுப்பு மினுக்கி, ஒப்வாஸ்க் மெசினை நிப்பாட்டித் தண்ணி வடிய விடுகிற நேரம், எங்கடை நோர்வேஜியக் குசினிக்காரன் ஒரு பழைய சீடிப் பெட்டியில் எதையாவது போட்டுவிடுவான். (அவன் சமையல் பரவாயில்லை, இசை ரசனை மிகத் திறம்.) ஸ்ராண்டர்ட் என்றால் என்னவென்று அவன் எனக்கு விளங்கப்படுத்தினது இசையாலை இல்லை, ஃபோரிகோலாலை. ஃபோரிகோல் தெரியுந்தானே, இந்த நாட்டின்ரை தேசியச் சாப்பாடு. ஆட்டிறைச்சி, கோவா, முழுமிளகு, உப்பு, தண்ணி. அவ்வளவுதான். "புதுசாய் ஒரு சாப்பாடு நான் கண்டுபிடிச்சு வைச்சால் அது பிழை எண்டு ஆர் சொல்லப்போறான்? ஃபோரிகோலிலை நான் ஒளிக்க ஏலாது. வந்திருக்கிற ஒவ்வொருத்தனும் அதைத் தன்ரை பாட்டியின்ரை வீட்டிலை சாப்பிட்டவன்" என்றான். எங்கடை சொதியும் அதே கதைதான். சொதியில் ஒரு ஆளின் கையைக் கண்டுபிடித்துவிடலாம், எல்லாருக்கும் சொதி தெரியும் என்பதாலை.

தெரிந்த பாட்டு வாசிப்பவரைக் கட்டிப்போடுகிறது என்று பலபேர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிய அது கேட்கிறவனின் கையில் ஒரு அளவுகோலைக் கொடுக்கிறது. பாட்டு தெரிந்தால்தான் வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனார், எதை விட்டார், எங்கே திரும்பினார் என்பது விளங்கும்.

ஊரில் இதை ஆரும் எங்களுக்குப் படிப்பித்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். திருவிழா மேளச்சமாவில் நடுச்சாமம் தாண்டினபிறகு சனம் துண்டு எழுதிக் குடுக்கும், இந்தச் சினிமாப் பாட்டை வாசியுங்கோ எண்டு. நாதஸ்வரக்காரர் முதலில் படத்தில் உள்ளபடி வாசிப்பார், சனம் கைதட்டும். பிறகு அந்தப் பாட்டுக்குள் இருக்கிற ராகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு போக்குப் போவார். தவில்காரர் சும்மா விடுவாரோ? பாட்டு எங்கே போய்விட்டது என்று சின்னப்பிள்ளைகள் நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, தவில் ஒரு தீர்மானம் வைத்து முடியும் இடத்தில் பல்லவி கொழுத்தின பூவாணம் மாதிரித் திரும்ப வந்து நிற்கும். அளவெட்டி பத்மநாதன் அவர்களின் கச்சேரியை வீதியில் சாக்குப் போட்டுக்கொண்டு இருந்து கேட்ட தலைமுறை நாங்கள். 1975இல் இறந்துபோன தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியைக் கசெற்றில் கேட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, டைனமோவில் வயர் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்கவேணும். சுற்றுகிறவன் களைத்தால் தட்சணாமூர்த்தியின் தவிலும் களைக்கும் :)

அந்தச் சனத்துக்கு அபர்குறொம்பி விளங்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் சொல்கிறார்கள். போன மாரியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அண்ணை, எண்பதுகளில் வந்தவர், நான் இந்தக் கதையைத் தொடங்கினதும் மறித்தார்.

"தம்பி, தெய்வீகமான சங்கீதத்தையும் இந்தக் குடிகாரரின்ரை பாட்டையும் ஒரு தராசிலை வைக்காதை."

"அண்ணை, மேளச்சமாவுக்கு வந்த சனமெல்லாம் கோயில் தீர்த்தம் மட்டுமோ குடிச்சிட்டு வந்தது?"

"அது வேறை. அது எங்கடை."

சரி, எங்கடை என்றே எடுப்போம். எல். சங்கர் என்ற வயலின் வித்துவானைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரின் தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் எங்கடை மண்ணில் வளர்ந்தார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பிவிட்டது. எங்களைப்போல அவர்களும் ஒரு கலவரத்துக்கு ஓடினவர்கள்தான், என்ன, இருபத்தைந்து வருடம் முந்திவிட்டார்கள். அந்தச் சங்கர் 1975இல் ஜோன் மக்லோக்லின் என்ற கிற்றார்க்காரரோடு சேர்ந்து 'சக்தி' குழுவில் வாசித்தார். 1983இல் எங்கே வந்தார் தெரியுமோ? இதே ஒஸ்லோவுக்கு. யான் கார்பரெக் என்ற நோர்வேஜியச் சக்சபோன்காரரோடும், பல்ல மிக்கல்போர்க் என்ற டென்மார்க் ட்றம்பெற்காரரோடும் 'விஷன்' என்ற தட்டைச் செய்தார். அடுத்தது 'சோங் ஃபோர் எவ்றிவண்', கார்பரெக்கோடு காலஞ்சென்ற சாகிர் உசேனும் திரிலோக் குர்ற்றுவும். பிறகு 1989இல் 'பஞ்ச நடைப் பல்லவி' என்று சுத்தமான ராகம் தானம் பல்லவியை, சாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் வாசிக்க, அபர்குறொம்பி 'ஆலிஸ்' வாசித்த அதே ரெயின்போவில் பதிவு செய்தார்.

எங்கடை ஆட்கள் இந்த நகரத்துக்கு வந்து மீன் வெட்டவும் கோப்பை கழுவவும் தொடங்கின அதே வருடங்கள் அவை. ஒஸ்லோவில் பல்லவி பதிவாகிக்கொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியாது. எங்கடை எது, அவையின்ரை எது என்று வேலி போடுகிற அண்ணைமாருக்கு, அந்த ஸ்ரூடியோச் சுவருக்குள் வேலி இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த மைக்குகளுக்குப் பின்னால் இருந்தவர் யான் ஏரிக் கொங்ஸ்ஹவ்க், 2019இல் காலமாகிவிட்டார். அவரும் கிற்றார் வாசிக்கிறவர். தட்சணாமூர்த்தியின் தவிலை அப்படி ஒருவர் பதிவு செய்திருந்தால்... விடுங்கள்.

இனி நான் சொல்லவந்த விசயம். ஒஸ்லோவில் நாங்கள் சங்கீதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. குறூருட் பள்ளத்தாக்கில் எந்த மாடிக் குடியிருப்புக்குள் போனாலும் ஒரு வீட்டில் மிருதங்கம் இருக்கும். ஆனால் நாங்கள் காப்பாற்றியிருப்பது பாட்டை மட்டும். பாட்டு முடிந்தபிறகு வருகிற அந்தத் திறந்த வெளியை நாங்கள் விமானத்தில் ஏற்றவில்லை. பிள்ளைகள் ஒரு வர்ணம், நாலைந்து கீர்த்தனை, ஒரு தில்லானா பாடமாக்குகிறார்கள். கற்பனாசுரத்தைக்கூட ஆசிரியர் கொப்பியில் எழுதிக் கொடுக்க, பிள்ளை அதையும் பாடமாக்குகிறது. பெயர் கற்பனை, இருப்பது கொப்பியில்! பத்து வருடம் இப்படிப் படித்து, மண்டபம் எடுத்து, ஊரிலிருந்து பட்டுச்சேலை எடுப்பித்து, இந்தியாவிலிருந்து பக்கவாத்தியம் கூப்பிட்டு அரங்கேற்றம் முடிந்ததும் பிள்ளை வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறது. பிறகு திறப்பதில்லை. அம்மா அப்பாமார் மனம் நொந்துபோகிறார்கள். பிள்ளைக்கு இனி அதில் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்கிறேன். ஒப்புவிக்கவேண்டியதை ஒப்புவித்தாகிவிட்டதே.

ஆசிரியர்மாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் பன்னிரண்டு பிள்ளைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு மனோதர்மம் சொல்லிக்கொடுக்க ஏலாது. அவர்களும் பகலில் மழலையர் பள்ளியிலோ துப்பரவு வேலையிலோ நின்றுவிட்டு வருகிறவர்கள். எங்கடை பயமும் விளங்குகிறது. எல்லாவற்றையும் விட்டிட்டு வந்த சனம், கையில் இருக்கிற கொஞ்சத்தை மாற்ற விடாது. நானே பட்டப்படிப்பைப் பாதியில் விட்டிட்டு வந்த ஆள். பாதியில் விட்டது எப்படிக் கனக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் 'ஆலிஸ்' பாட்டு 1951இலிருந்து இன்றைக்கு மட்டும் உயிரோடு இருப்பது அதை ஆரும் மாற்றாமல் வைத்திருந்ததாலை இல்லை. எவன்ஸ் ஒரு விதம், அபர்குறொம்பி ஒஸ்லோவில் ஒரு விதம். இதே மூன்று பேர் 1988இல் பொஸ்ரனில் சனத்துக்கு முன்னால் வாசித்து அதுவும் தட்டாக வந்தது, அதில் 'ஆலிஸ்' மறுபடி வேறு விதம். அந்தத் தட்டில் 'ஸ்ரெல்லா பை ஸ்ரார்லைற்', 'பியூற்றிபுல் லவ்' என்று இன்னும் பழைய பாட்டுகள், அவைக்கிடையில் தங்களுடைய சொந்த உருப்படிகள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது பழசு, எது சொந்தம் என்று பிடிபடாது.

மறுபக்கத்தில் 'பியூஷன்' என்ற பெயரில் எங்கடை விழாக்களில் நடப்பதையும் சொல்லத்தான் வேணும். கீபோட்டில் தாளப்பெட்டியை ஓடவிட்டு, மேலே ஒரு கீர்த்தனையை அப்படியே வயலினில் வாசித்து, பக்கத்தில் ஒரு நோர்வேஜியப் பொடியனைக் கிற்றாரோடு வேட்டி கட்டி இருத்தினால் அது பியூஷனாம். ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்பதில்லை. பொடியன் நாலு கோட்ஸைத் திருப்பித் திருப்பி அடிப்பான். சபை எழும்பி நின்று கைதட்டும். இதைவிட நேர்மையாகப் பத்துக் கீர்த்தனை ஒப்புவிப்பது மேல். மூன்று பேர் என்ற கணக்கின் அருமை அதுதான், ஒளிய இடமில்லை. ஒருவர் கேட்காவிட்டால் அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். இராணிப்பேட்டைக்காரரான கிற்றார் பிரசன்னாவும், பியானோ விஜய் ஐயரும், தபேலா நிற்றின் மிட்டாவும் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா'வை ஒருக்கா கேட்டுப்பாருங்கள். அதிலும் மூன்று பேர்தான். ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதென்றால் என்னவென்று விளங்கும்.

சொந்த ஆக்கம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். ஒஸ்லோவிலேயே பிறந்த ரேர்யே றிப்டால் என்ற கிற்றார்க்காரர், மிரொஸ்லாவ் விற்றூஸ், ஜக் டிஜொனெற் இருவரோடும் 1978இல் இந்த நகரத்தில் பதிவு செய்த தட்டில் கடன் வாங்கின பாட்டு ஒன்றும் இல்லை. இந்தக் காலத்து ஹெட்விக் மொல்லஸ்ரட் என்ற பெண்ணின் மூவர் குழுவும் 2011இல் முதல் தட்டு வெளியிட்டதிலிருந்து பெரும்பாலும் தங்கள் சொந்தச் சரக்கைத்தான் இடி மாதிரி வாசிக்கிறது. ஆனால் அபர்குறொம்பியின் வழியில் எனக்குப் பிடித்தது வேறு. 1985 ஒஸ்லோத் தட்டில் 'றல்ப்ஸ் பியானோ வால்ற்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது புதிதில்லை. 1974இல் அவர் தன்னுடைய 'ரைம்லெஸ்' தட்டில் யான் ஹமரின் ஓகனோடு வாசித்த தன்னுடைய பழைய ஆக்கம். பதினொரு வருடம் கழித்துத் தன்னுடையதையே ஒரு பொதுச்சொத்துப்போல எடுத்து, வேறு ஆட்களோடு வேறு விதமாக வாசிக்கிறார். சொந்தப் பாட்டும் இப்படித்தான் மெல்ல மெல்ல ஊர்ப்பாட்டாகும்.

என்ரை அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. குல்தூர்ஸ்கூலேயில் கிற்றார் படிக்கிறான். அவனோடு படிக்கிற ஒரு நோர்வேஜியப் பொடியன் பேஸ், எங்கடை தமிழ்ப் பிள்ளையொன்று ட்றம்ஸ். அவள் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவள், ட்றம்ஸில் இருந்தால் இடது கை இன்னும் மிருதங்கம்தான் வாசிக்கிறது, அதுவே வடிவாக இருக்கிறது. திருவிழாக்களில் நாதஸ்வரத்தில் சனம் விரும்பிக் கேட்கிற ஒரு பழைய இளையராஜா பாட்டை எடுத்து, மெட்டை ஒருக்கா வாசித்து, பிறகு சுற்றிச் சுற்றி மூன்று பேரும் தங்கள் பாட்டில் போய், மெட்டுக்குத் திரும்புகிறார்கள். அதற்குப் பின்னால் தாங்களே கட்டின ஒன்று. இரண்டுக்குமாக எட்டு நிமிசம் வேணும் என்று ஆண்டுவிழா ஒழுங்கு செய்கிறவர்களிடம் கேட்டோம்.

நிகழ்ச்சி நிரல் நெருக்கமாம். "பாட்டை மட்டும் வாசிக்கட்டும், ஆராவது ஒரு பிள்ளை சேர்ந்து பாடினால் இன்னும் நல்லது, மற்றதெல்லாம் சனத்துக்கு விளங்காது" என்று பதில் வந்தது. நானும் விடவில்லை. சாக்குப் போட்டுக்கொண்டு விடியவிடிய மேளம் கேட்ட சனத்துக்கு எட்டு நிமிசம் விளங்காதோ என்று கேட்டு மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன். கடைசியில் நாலு நிமிசம் தந்திருக்கிறார்கள், பாடுகிற பிள்ளை இல்லாமல். சொந்தப் பாட்டு இந்த முறை இல்லை. அந்த நாலு நிமிசத்துக்குள் எந்தச் சுற்றை வெட்டுவது, கிற்றாரின்ரையோ பேஸின்ரையோ என்று மூன்று பேரும் இப்போது அக்கா வீட்டு நிலக்கீழ் அறையில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ட்றம்ஸ்காரி ஒரு நிமிசத் தனியை விட்டுக்கொடுக்க மாட்டாளாம்.